ஸ்தோத்திர ஞாயிறு

கோவிச்சுக்காதீங்க அண்ணாச்சி. என் கையில வேதப்புத்தகம் இருக்கதப் பாத்துட்டு, நம்ம ஆளுதான்னு கும்பிட்டு, நம்ம ஆளுக ஒருத்தர ஒருத்தர் பாத்தா சொல்லுத வார்த்தையச் சொன்னிய. நான் பதிலுக்கு 'ஆங்'ன்னுட்டு ஜன்னல் பக்கம் திரும்பிட்டேன். வேட்டி சட்டை எல்லாம் வெள்ளையா இருக்கு, மரியாதை தெரியலயேன்னு நெனச்சிருப்பிய. நெனைக்கதுதான். நானா இருந்தாலும் அப்படித்தான் நெனச்சிருப்பேன்.

எனக்கு அந்த வார்த்தை வர மாட்டேங்கு அண்ணாச்சி. மத்ததெல்லாம் வருது. கண்டக்டர்ட்ட கோவில்பட்டிக்கு டிக்கெட் கேட்டேன்லா, வந்துச்சுல்லா? சில்லறைக்குச் சண்டை போட்டேன், அதுவும் வந்துச்சு. இந்த ஒரே ஒரு வார்த்தைதான். தொண்டை டாக்டர்ட்ட காட்டுனேன். டார்ச் அடிச்சுப் பாத்துட்டு 'ஆ' சொல்லுங்கன்னாரு, சொன்னேன். 'ஊ' சொல்லுங்கன்னாரு, சொன்னேன். தொண்டை சுத்தமா இருக்கு பெரியவரேன்னு அனுப்பிட்டாரு. அவருட்ட நான் என்னன்னு சொல்லுவேன்? அவரு நெத்தியில பட்டை போட்டிருக்காரு.

அந்தப் பைய மட்டும் பாத்து வையுங்க, நசுங்கிராம. அல்வா. கோவில்பட்டியில மகளக் கொடுத்திருக்கு, சம்பந்தகார வீட்டுக்கு வெறுங்கையோட போக முடியாதுல்லா. என்ன விசேசமான்னு கேக்கிய. விசேசம் ஒண்ணுமில்ல. சம்பந்தகாரரு போன் பண்ணி, 'உங்க பிள்ளைக்கு வாய் கூடிப்போச்சு, வந்து புத்தி சொல்லிட்டுப் போங்க'ன்னாரு. அதான் போறேன். நாலு நல்ல வார்த்தை சொல்லி, முழங்கால் போட்டு ஒரு ஜெபம் பண்ணி, அவ கையப் பிடிச்சு மாப்பிள்ளை கையில கொடுத்துட்டு சாயங்கால வண்டிக்குத் திரும்பிருவேன். இதெல்லாம் நமக்குப் பழகுன வேலைதான். எத்தனை குடும்பத்தச் சேத்து வச்சிருக்கேன்!

எனக்குப் பேரு வேதமாணிக்கம். திசையன்விளைப் பக்கம் ஒரு சின்ன ஊரு. கோயில் உபதேசியார். பாஸ்டர் ஐயாவுக்கு ஏகப்பட்ட ஊரு, எங்களுக்கு மாசக் கடைசி ஞாயிறுதான் வருவாரு. மத்த நாள் ஆராதனை நடத்துததும், ஜெபம் பண்ணுததும், செத்தா அடக்கம் பண்ணுததும் நான்தான். அந்தக் கடைசி ஞாயிறு இருக்கே, அது எங்க ஊர்ல நன்றி சொல்லுத ஞாயிறு. பிரசங்கம் முடிஞ்சதும் மைக்க எடுத்துக்கிட்டு நான் இறங்கி வருவேன். ஆண்டவர் அந்த மாசம் நன்மை செஞ்சவங்க இருந்த இடத்துலயே எந்திச்சு நின்னு, இன்னதுக்குன்னு ஒரு வார்த்தை சொல்லணும். அவங்க சொல்லி முடிச்சதும் நான் மைக்குல 'கர்த்தருக்கு'ன்னு ஆரம்பிச்சு அந்த வார்த்தையச் சொல்லுவேன். உடனே சபை முழுக்க ஒரே குரலாச் சொல்லும். ஓட்டுக் கூரை அதிரும் அண்ணாச்சி. வெளியூர்க்காரங்க அதக் கேக்கதுக்குன்னே வருவாங்க.

சும்மா சொல்லக்கூடாது, எல்லாத்துக்கும் எந்திப்பாங்க. சவுதி விசா வந்ததுக்கு எந்திப்பாங்க, காணாமப்போன கோழி குஞ்சுகளோட திரும்பி வந்ததுக்கும் எந்திப்பாங்க. சில பேரு நின்னா உக்கார மாட்டாங்க. மகளுக்குப் பிரசவம்னா, வலி எடுத்ததுல ஆரம்பிச்சு ஆட்டோக்காரன் எந்த வழியாப் போனாங்கது வரைக்கும் சொல்லுவாங்க. அதுக்கு நான் ஒரு உபாயம் வச்சிருந்தேன். நீட்டுதாங்கன்னு தெரிஞ்சா, மூச்சு விடுத நேரம் பாத்து டபக்குன்னு மைக்குல அந்த வார்த்தையச் சொல்லிருவேன். சபை திருப்பிச் சொல்லிரும். அப்புறம் அவங்க உக்காந்துதான் ஆகணும். பாஸ்டர் ஐயாவே சிரிப்பாரு. 'உபதேசியாரே, நீரு போடுத பூட்டுக்குச் சாவி கிடையாது'ம்பாரு.

என் தம்பி ஒருத்தன் இருந்தான். துரைப்பழம். எங்கம்மா போகும்போது அவன் பால்குடி மறக்கல. நான் தோள்ல தூக்கிச் சுமந்து வளத்த பிள்ளை. செங்கல் லோடு அடிக்க சொந்தமா வண்டி வாங்குனான். வண்டி முன்கண்ணாடியில எங்கம்மா பேரத்தான் எழுதியிருந்தான். அப்படிப் பாசம். குடிக்காத நாள்ல அவன மாதிரி தங்கமான மனுசன நீங்க பாக்க முடியாது. குடிச்ச நாள்ல… குடிச்சா யாருதான் மனுசனா இருக்கான், சொல்லுங்க.

அவன் பெண்டாட்டி பாக்கியசீலி. சீலின்னுதான் கூப்பிடுவோம். அமைதியான பிள்ளை. எங்க வீட்டுக்கு அடிக்கடி வருவா. மொத மொத வந்தப்போ படியில விழுந்துட்டேன்னா. அவங்க வீட்டுல படியே கிடையாது. நான் ஒண்ணும் கேட்டுக்கிடல, குடும்பம்னா ஆயிரம் இருக்கும். அப்புறம் அப்புறம் அவளே வாயத் தொறந்து சொல்ல ஆரம்பிச்சா. நான் அவளச் சொல்ல விடமாட்டேன் அண்ணாச்சி. சொன்னா மனசுல கசப்புதான் வளரும். மூச்சு விடுத நேரம் பாத்து, 'சீலி, எல்லாத்துக்கும் நன்றி சொல்லணும்னு வேதம் சொல்லுதா இல்லயா'ம்பேன். 'சொல்லுது அத்தான்'ம்பா. 'ஒரு பல்லுதானே போச்சு, மத்த பல்லுக்கு நன்றி சொல்லு. காதுல அடிச்சானா, இன்னொரு காது கேக்குல்லா, அதுக்குச் சொல்லு'ம்பேன். தரையில உக்காந்து, நான் சொல்லச் சொல்ல அந்த வார்த்தையத் திருப்பிச் சொல்லுவா. சொல்லிட்டு முகத்தத் துடைச்சுக்கிட்டு வீட்டுக்குப் போயிருவா. அவ்வளவு நல்ல பிள்ளை. சொல்லிக் கொடுத்தா அப்படியே பிடிச்சுக்கிடுவா.

ஒரே ஒரு தடவை கேட்டா. 'அத்தான், நீங்க சொன்னா அவிய கேப்பாவ, நீங்க ஒரு வார்த்தை அவியட்ட சொல்லுங்களேன்'னா. கேப்பான்தான். என் பேச்ச அவன் தட்டவே மாட்டான். ஆனா நான் சொல்லித் திருந்தி என்ன பிரயோசனம், ஆண்டவர்லா அவன் மனசுல பேசணும்? அதச் சொல்லித்தான் அனுப்பி வச்சேன். என் வீட்டுக்காரி நேசம் அடுப்படியில பாத்திரத்த டங்கு டங்குன்னு போட்டு எடுத்தா. பொம்பளைங்களுக்குக் காத்திருக்கப் பொறுமை கிடையாது.

அவன் மாசி மாசம் போனான். மஞ்சக்காமாலை, ஈரல் போச்சுன்னுட்டாங்க. நான்தான் அடக்கம் பண்ணுனேன். தூக்கிச் சுமந்த பிள்ளைய மண்ணுல வச்சு, நானே ஒரு பிடி மண்ண அள்ளிப் போட்டேன். ஒரு வார்த்தை விடாம வாசிச்சேன். சீலி ஒரு சொட்டு கண்ணீர் விடல. சாந்தமா நின்னா. ஊரே சொல்லுச்சு, 'விசுவாசமுள்ள பிள்ளை'ன்னு. எனக்குப் பெருமையா இருந்துச்சு. எல்லாம் நான் சொல்லிக் கொடுத்ததுதானே?

அடுத்த மாசக் கடைசி ஞாயிறு. வழக்கம்போல மைக்கோட இறங்கி வாரேன். பொம்பளைங்க பக்கம் நடு வரிசையில சீலி எந்திச்சு நிக்கா. வெள்ளைச் சேலை. அவ கல்யாணமாகி வந்த நாள்லேருந்து ஒரு நன்றி ஞாயிறு கூட எந்திச்சதில்ல. எனக்குக் கண்ணு நெறஞ்சு போச்சு. தம்பி சாவுல கூட நின்ன சபைக்கும் ஆண்டவருக்கும் நன்றி சொல்லப் போறான்னு நெனச்சேன். மைக்கு வேண்டாம்னு தலைய ஆட்டுனா. நான் விடுவேனா? வாய்க்கு நேரா நானே பிடிச்சேன்.

'கல்யாணமான நாள்லேருந்து பொழுது சாஞ்சா வாசலயே பாத்துக்கிட்டு இருப்பேன்'னா. 'வண்டிச் சத்தம் கேட்டா பிள்ளையளத் தூக்கிட்டுப் பின்வாசல் வழியா ஓடுவேன். இப்போ ஒரு மாசமா படுத்ததும் தூங்கிருதேன். பிள்ளையளும் தூங்குதுவ. என் வீட்டுக்காரர எடுத்துக்கிட்டதுக்காக ஆண்டவருக்கு…' அத்தோட நின்னுட்டா. மூச்சு வாங்குனா.

நான் கேட்டேனா அண்ணாச்சி? கேக்கல. அவ வண்டின்னு சொன்னதுமே, புது வண்டிக்கு முன்னால மாலையோட நின்னு தம்பி எடுத்த போட்டா என் கண்ணுல வந்து நின்னுச்சு. அவ மூச்சு விட நிறுத்துனாளா, என் வாய் அதுவாத் தொறந்துச்சு. அத்தனை வருசப் பழக்கம். மைக்குல, கணீர்னு, 'கர்த்தருக்கு'ன்னு சொல்லி அந்த வார்த்தையச் சொல்லிட்டேன்.

சபை திருப்பிச் சொல்லுச்சு பாருங்க. ஆம்பளைங்க பக்கம் கொஞ்சம் கம்மிதான். பொம்பளைங்க பக்கமிருந்து வந்த சத்தம் இருக்கே, அந்த மாதிரி சத்தத்த நான் அந்தக் கோயில்ல கேட்டதே இல்ல. கிறிஸ்மசுக்குக் கூட இல்ல. குருவி எல்லாம் கூரையில இருந்து எந்திச்சுப் பறந்துச்சு. எதுக்கு அவ்வளவு சத்தமாச் சொன்னாங்கன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கு விளங்கல.

அந்தச் சத்தம் அடங்குன பிறகுதான் சீலி சொன்னது ஒவ்வொண்ணா என் காதுக்குள்ள வந்து சேருது. பாஸ்டர் ஐயா கண்ணாடியக் கழட்டித் துடைக்காரு. சீலி உக்காந்துட்டா. பின்னால பொன்ராசு எந்திச்சு, போர் போட்டதுல நல்ல தண்ணி கிடைச்சுதுன்னான். அதுக்கு நான் சொல்லணும். மைக்கு கையில இருக்கு, சபை என் வாயப் பாத்துக்கிட்டிருக்கு. 'கர்த்தருக்கு'ங்கது வந்துச்சு. அதுக்கு மேல வரல. பொன்ராசு நின்னுக்கிட்டே இருக்கான். நானும் நின்னுக்கிட்டே இருக்கேன். பாஸ்டர் ஐயாதான் மேல இருந்து சொல்லி முடிச்சு வச்சாரு. அன்னைக்கு நின்னது அண்ணாச்சி, இன்னும் வரல.

ஆராதனை முடிஞ்சு நான் ஐயாட்ட குமுறுனேன். 'கோயிலுக்குள்ள நின்னு ஒருத்தி இப்படிச் சொல்லலாமா, கமிட்டியில வச்சு விசாரிக்கணும்'னேன். அவரு மெதுவா, 'உபதேசியாரே, மைக்குல மொத சொன்னது நீருதானே'ங்காரு.

நேரா சீலி வீட்டுக்குப் போனேன். சத்தம் போடணும்னுதான் போனேன். நாற்காலி எடுத்துப் போட்டா. டீ கொண்டு வந்தா. 'ஏன் பிள்ளை இப்படிச் செஞ்ச'ன்னு கேட்டேன். அவளுக்கு என் மேல கோவம் ஒண்ணுமில்ல அண்ணாச்சி, அதான் எனக்குத் தாங்கல. 'அத்தான், எல்லாத்துக்கும் சொல்லணும்னு நீங்கதானே சொல்லித் தந்திய. பல்லுக்குச் சொன்னேன், காதுக்குச் சொன்னேன். உங்களுக்காகச் சொன்னேன். மனசாரச் சொல்லுததுக்கு எனக்கு ஒண்ணுமே கிடைக்கல. இப்போதான் கிடைச்சுது'ங்கா. டீ ஆறிப் போச்சு. குடிக்காம எந்திச்சு வந்துட்டேன்.

அந்த நாள்லேருந்து நான் படுத பாட்டக் கேளுங்க. செம்மண் தேரிக்காட்டுக்குள்ள தனியாப் போய் நின்னு சொல்லிப் பாத்தேன். கடக்கரையில அலைச் சத்தத்துல சொல்லிப் பாத்தேன். வாய் வரைக்கும் வரும். வந்ததும், சின்னப் பிள்ளையா என் தோள்ல உக்காந்துக்கிட்டு என் முடியப் பிடிச்சு ஆட்டுவானே, அந்த முகம் வந்துரும். அவன் செத்ததுக்கு நானே மைக்குல நன்றி சொல்லிட்டேனே அண்ணாச்சி! நான் வளத்த பிள்ளைக்கு! ஆண்டவர் கணக்குல அது யாரு சொன்னதா இருக்கும்? இப்போ ஞாயித்துக்கிழமை நான் சும்மா உதட்ட அசைப்பேன், கோயில்ல மணி அடிக்க ஆளு இருமிக்கிட்டே சபைக்குச் சைகை காட்டுவான். இருமலக் கேட்டு சபை சொல்லுது. உபதேசியாருக்கு அந்த வார்த்தை வரலன்னா அவன் எதுக்கு உபதேசியாரு? மண்வெட்டி இல்லாம வயலுக்குப் போன மாதிரி நிக்கேன்.

இருங்க, போன் அடிக்கு. நேசம்தான். …ஆங், சொல்லு. கயத்தாறு தாண்டிட்டு. …யாரு? சீலியா? எப்போ? …மொத வண்டிக்கா? அவளுக்கு அங்க என்ன வேலை? யாரக் கேட்டுப் போனா? …ஷெர்லினா கூப்பிட்டா? நமக்குப் போன் எடுக்காதவ அவளுக்கு எப்படி… ஏ நேசம், நான் சொல்லுததக் கேளு. …என்னது? …என்ன பேசுத நீ? ஏ, வைக்காத, ஏ…

வச்சுட்டா. பாத்தியளா அண்ணாச்சி? கட்டிக்கிட்டு வந்த நாள்லேருந்து என்னை எதுத்து ஒரு வார்த்தை பேசுனதில்ல. 'பிள்ளைய அந்த வீட்டுலயே விட்டுட்டு வாரதா இருந்தா நீங்களும் அங்கயே இருந்துக்கிடுங்க'ங்கா. சீலி இருட்டோட கிளம்பி கோவில்பட்டிக்குப் போயிட்டாளாம். என் மக யாரு போன்லேருந்தோ அவளுக்குப் பேசி வரச் சொன்னாளாம். இப்போ சீலியும் போன எடுக்க மாட்டேங்காளாம்.

என் மகளா? ஷெர்லின். ஒரே பிள்ளை. போன வாரம் எனக்குத்தான் மொத போன் பண்ணுனா. குளிக்க ரூம்ல நின்னுக்கிட்டு, குழாயத் தொறந்து விட்டுட்டுப் பேசுதா. 'அப்பா, வந்து என்னைக் கூட்டிட்டுப் போங்கப்பா'ன்னா. தண்ணிச் சத்தத்துல பாதி கேக்கல. 'கோவில்பட்டியில தண்ணிக்கு என்ன பாடு படுதாங்க, மொத குழாய மூடு'ன்னேன். மாப்பிள்ளை கை நீட்டுதாருன்னு சொன்னா. ஒரு நல்ல வேலையில இருக்கான், சொந்த வீடு இருக்கு, எல்லாத்துக்கும் நன்றி சொல்லி ஜெபம் பண்ணு மக்கா, ஆண்டவர் மாத்துவாருன்னேன். 'சரிப்பா'ன்னா. குழாய மூடிட்டா.

அதுக்கப்புறம் போன் ஸ்விட்ச் ஆஃப். சார்ஜ் போட மறந்திருப்பா. அவ சின்னதுலேருந்தே அப்படித்தான், எதையும் மறந்துருவா. சம்பந்தகாரரு போன் பண்ணும்போது 'பிள்ளைட்ட கொடுங்க'ன்னு கேட்டேன். படுத்திருக்கான்னாரு. பகல் பதினோரு மணிக்கு என்ன படுக்கை? கேட்டிருக்கணும். நான் கேக்கல. மாப்பிள்ளை வீட்டுக்காரங்களக் கேள்வி கேட்டா நல்லாவா இருக்கும்?

அண்ணாச்சி, உங்க போன்லேருந்து ஒரு தடவை அடிச்சுப் பாக்கியளா? என் நம்பரப் பாத்துட்டு எடுக்காம இருக்காளோ என்னமோ. நம்பர் சொல்லுதேன், எனக்கு மனப்பாடம். …ஸ்விட்ச் ஆஃப்னா வருது? இன்னொரு தடவை பாருங்க. …சரி, விடுங்க. ரொம்ப நன்றி. பாருங்க, நன்றின்னு வருது. அதுதான் வர மாட்டேங்கு.

இந்த டிரைவரு ஏன் இப்படி உருட்டுதான்? யாரும் ஏறல, இறங்கல, எதுக்கு நிறுத்தி நிறுத்திப் போறான்? நான் ஒண்ணும் பயப்படல அண்ணாச்சி. ஆண்டவர் பாத்துக்கிடுவாரு. சீலிட்டயும் இதத்தான் சொன்னேன், ஷெர்லின்ட்டயும் இதத்தான் சொன்னேன். வேற என்ன சொல்ல? எனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதானே. என் பிள்ளை தூக்கம் எப்படி இருக்குன்னு நான் ஒரு நாளாவது கேட்டிருக்கேனான்னு நேசம் நேத்து கேட்டா. என்ன கேள்வி இது? கல்யாணம் பண்ணிக் கொடுத்த பிள்ளைட்ட அப்பன்காரன் அதெல்லாமா கேப்பான்?

இந்தா, ஊரு வந்துட்டு. தீப்பெட்டி ஆபீசு தெரியுது பாருங்க. பஸ் ஸ்டாண்டுக்குள்ள போவும்லா இந்த வண்டி? போவும், போவும். நீங்க மதுரைக்கா? சரி, சரி. இறங்குனதும் ஒரு ஆட்டோவப் பிடிச்சு நேரா வீட்டுக்குப் போயிருவேன். கதவத் தட்டுனா அவளே வந்து தொறப்பா. 'என்னப்பா சொல்லாமக் கொள்ளாம வந்துட்டிய'ம்பா. அப்படித்தான் சொல்லுவா. தொறப்பாள்லா அண்ணாச்சி?

இருங்க.

அந்த டீக்கடை ஓரமாப் பாருங்க. வெள்ளைச் சேலை. சீலி மாதிரி இருக்கு. சீலிதான். தனியாவா நிக்கா? இல்ல, பக்கத்துல ஒரு பொண்ணு. தலையில துண்டப் போட்டு மூடியிருக்கு. திரும்ப மாட்டேங்கே, திரும்பு பிள்ளை, இங்கிட்டுத் திரும்பு… ஷெர்லின்! எங்க ஷெர்லின் அண்ணாச்சி! ஒரு கண்ணு வீங்கி மூடிக் கிடக்கு. கையில கட்டு. ஐயோ, என் பிள்ளை முகம்! ஆனா நிக்கா. தரையில காலூன்றி நிக்கா. டீ குடிக்கா அண்ணாச்சி, அந்த வீட்ட விட்டு வெளிய வந்து நின்னு, ஊதி ஊதி டீ குடிக்கா.

ஸ்தோத்திரம்.

ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம், கர்த்தருக்கு ஸ்தோத்திரம்…

ஏன் எல்லாரும் திரும்பிப் பாக்காங்க? சத்தமாவா சொன்னேன்? நீங்க கேட்டியளா அண்ணாச்சி? நான் நெனச்சுச் சொல்லல. அதுவா வந்துச்சு. எதுக்கு வந்துச்சுன்னு எனக்குத் தெரியல, நான் அவள மாப்பிள்ளை கையில பிடிச்சுக் கொடுக்கத்தானே வந்தேன்? சேத்து வச்சிருதேன்னு சம்பந்தகாரருட்ட வாக்குக் கொடுத்திருக்கேனே. ஊருக்குக் கூட்டிட்டுப் போனா நான் யாரு முகத்துல முழிப்பேன்? சீலி என்னைப் பாத்துட்டா. கையக் காட்டுதா. பிள்ளை என்னைப் பாத்ததும் அவ பின்னால போயி நின்னுக்கிட்டா அண்ணாச்சி. என்னைப் பாத்து.

வழி விடுங்க, இறங்கணும். கண்டக்டரே, கொஞ்சம் பொறுங்க. இந்தாங்க அண்ணாச்சி, இந்தப் பைய நீங்க கொண்டு போங்க. உங்க வீட்டுல பிள்ளையள் இருக்கும்லா, அதுகளுக்குக் கொடுங்க. நல்ல அல்வா. நான் அந்த வீட்டுக்குப் போகல.